சமயம் பல, தாய்மொழி ஒன்று

(புதுச்சேரியில் நிகழ்ந்த தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'இந்திய நாட்டில் சமயங்கள்' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. தலைப்போ கடல், எனக்கு வாய்த்த நேரமோ கைப்பிடியளவு. இமயம் முதல் குமரி வரை உள்ள எல்லாச் சமயங்களின் வரலாற்றையும் ஒரு மாலைப்பொழுதில் சொல்லி முடிப்பேன் என்று நான் கூறினால், அஃது உங்களை ஏய்ப்பதாகும். ஆதலின், நாம் நின்று பேசும் இப் புதுவை மண்ணையும் அதன் அண்டை ஊர்களையும் கொண்டே நாட்டின் நிலையைக் காட்ட விழைகின்றேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா?

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் தூயதமிழ் அன்பர்களிடையேயே ஒரு வினா அவ்வப்போது எழுகின்றது. 'தமிழனுக்கு உரிய சமயம் எது? அச் சமயத்தைச் சாராதவன் முழுத் தமிழன் ஆவானா?' என்பதே அவ்வினா. வெளியில் உரக்கக் கேட்கத் தயங்குவோர் திண்ணையில் அமர்ந்து மெல்லக் கேட்கின்றனர். அவ்வினாவை ஒளித்து வைப்பதால் பயனில்லை. வரலாற்றைச் சான்றாக நிறுத்தி, இந்த அவையிலேயே அதற்கு விடை காண்போம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2023ஆம் ஆண்டில் சீனத்தையும் விஞ்சி, உலகிலேயே மிகுதியான மக்களைக் கொண்ட நாடாக இந்தியா ஆனது என்று ஒன்றிய நாடுகள் அவை கணித்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டு மக்கள் 121 கோடியர். அவருள் இந்துக்கள் எனப் பதியப் பெற்றோர் நூற்றுக்கு 79.8, இசுலாமியர் 14.2, கிறித்தவர் 2.3, சீக்கியர் 1.7, புத்த நெறியினர் 0.7, சமணர் 0.4. நூற்றுக்குப் பதினான்கு என்றால் சிறு தொகைபோல் தோன்றும். எண்ணிப் பார்த்தால் அது 17 கோடி மாந்தர். உலகில் பெரும்பாலான நாடுகளின் முழு மக்கள்தொகையும் அந்த அளவு இல்லை. 'சிறுபான்மை' என்று நாம் ஒரு சொல்லில் ஒதுக்கும் கூட்டம் அத்துணைப் பெரிது.

புதுவை ஒன்றியப் பகுதியை எடுத்துக்கொண்டால், அதே கணக்கெடுப்பில் மக்கள் ஏறத்தாழ 12.5 இலக்கம். நூற்றுக்கு 87 பேர் இந்துக்கள். கிறித்தவரும் இசுலாமியரும் ஏறத்தாழ அவ்விரண்டு ஆறு.

எண்கள் இவ்வளவு சொல்கின்றன. சொல்லாதன சில உண்டு. 'இந்து' என்னும் பெயர் சிந்து ஆற்றை ஒட்டிப் பாரசீகர் வழங்கிய பெயரிலிருந்து வந்தது. நம் பழந்தமிழ் நூல்கள் எவற்றிலும் சமயப் பெயராக அது இல்லை. சிவனியர், மாலியர், முருகனைத் தொழுவோர், ஊர்க்காவல் ஐயனாரையும் எல்லையம்மனையும் அன்றி வேறு கடவுளை அறியாதோர், எக்கடவுளையும் ஏற்காதோர் ஆகிய அனைவரையும் அந்த ஒரு பெட்டியில் இட்டுத்தான் நூற்றுக்கு 79.8 என்னும் கணக்கு வருகின்றது. இசுலாமியருள்ளும் கிறித்தவருள்ளும் இவ்வாறே பிரிவுகள் பல. ஆதலின் நாட்டின் சமயம் ஆறு அன்று. அறுநூறு என்றாலும் குறைவே.

தமிழ் கண்ட பன்மை

இப் பன்மை நேற்று வந்ததா? இல்லை. தமிழின் மிகப் பழைய நூலாகிய தொல்காப்பியமே நிலத்துக்கொரு கடவுள் வகுத்தது. முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன். எல்லா நிலத்தாரும் ஒரே கடவுளைத் தொழ வேண்டும் என்னும் எண்ணம் அந்நூலுக்கு இல்லை.

மதுரைக்காஞ்சி பாண்டியன் தலைநகரை நமக்குச் சுற்றிக் காட்டுகின்றது. அந்நகரில் புத்தர் பள்ளியும் அந்தணர் பள்ளியும் சமணர் பள்ளியும் அடுத்தடுத்து நிற்கின்றன. இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்பது மரபு. அவருடைய சிலப்பதிகாரத்திலோ வேட்டுவர் கொற்றவையை வழிபடுகின்றனர். ஆயர் மாயோனைப் பாடுகின்றனர். குன்றவர் முருகனுக்குக் குரவை ஆடுகின்றனர். தம் சமயக் கடவுளை வணங்காதவரின் பாட்டையும் தம் நூலின் நடுவே உயர்த்தி வைத்த உள்ளம் அது! மணிமேகலையிலோ, வஞ்சி நகரில் பல்வேறு சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிவதற்கென்றே ஒரு காதை உண்டு. கேட்டு, ஆய்ந்து, பின்னரே அவள் புத்த அறத்தை ஏற்கின்றாள். கேளாமலே பகைப்பவர் அந்தக் காதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டுகின்றேன். 'பள்ளி' என்னும் சொல். சமணத் துறவியரும் புத்தத் துறவியரும் தங்கிய இடம் பள்ளி. அவர்கள் ஆங்கே சிறார்க்கு எழுத்தறிவித்தமையால் கல்விக்கூடம் பள்ளிக்கூடம் ஆயிற்று என்பர். இசுலாமியர் தம் தொழுமிடத்துக்குப் பெயர் தேடியபோது அச்சொல்லையே எடுத்துப் பள்ளிவாசல் என்றனர். சேர நாட்டுக் கிறித்தவரும் தம் கோயிலைப் பள்ளி என்றனர். கி.பி. 849ஆம் ஆண்டளவில் கொல்லத்தில் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு ஒரு கிறித்தவக் கோயிலுக்கு அளித்த கொடையைக் கூறுகின்றது. வட்டெழுத்தில் அமைந்த அவ்வாவணத்துக்குச் சான்றொப்பமிட்டவர்களின் கையெழுத்துகள் அரபியிலும், பாரசீகத்தின் பழைய பாலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் உள்ளன. கிறித்தவர்க்குக் கொடுத்த கொடைக்கு இசுலாமியரும் பாரசீகரும் யூதரும் சான்று! இன்று ஒரு வீட்டுமனை ஆவணத்தில் இந்த ஒற்றுமையைக் காண முடியுமா என எண்ணிப் பாருங்கள்.

அரிக்கமேடும் அண்டை ஊர்களும்

இனி நம் ஊருக்கு வருவோம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் கசாலும் அகழ்ந்தனர். உரோம நாட்டுச் சாடிகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் ஒரே மண்ணடுக்கில் கிடைத்தன. கடல் கடந்து சரக்கு வந்த துறைக்குக் கடல் கடந்த கொள்கைகளும் வந்திருக்கும் என்பதில் வியப்பென்ன?

1768 முதல் 1770 வரை இவ்வூரில் தங்கியிருந்தார் இலெசாந்தி என்னும் பிரெஞ்சு வானியல் அறிஞர். வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடக்கும் காட்சியைக் காண்பதற்கென்றே வந்தவர். 1769 சூன் திங்களில் அந்த நாளும் வந்தது. அன்றைக்கென்று முகில் வந்து வானை மூடிக்கொண்டது. வானில் காண வந்ததைக் காணாத அவர் மண்ணில் வேறொன்றைக் கண்டார். வீராம்பட்டினத்துக்கு அருகில் அமர்ந்த நிலையில் இருந்த கற்சிலை ஒன்றைப் புத்தர் சிலை எனக் கண்டு எழுதிவைத்தார். ஊர்மக்களோ அச்சிலைக்குப் 'பிர்மன்' என்று பெயரிட்டுத் தம் முறைப்படி வழிபட்டு வந்தனர். புத்தம் இவ்வூரை விட்டுப் போய்விட்டது, புத்தர் போகவில்லை. பெயர் மாறி நம்மிடையே அமர்ந்திருந்தார்.

வடக்கே திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் உள்ளது. தெற்கே திருப்பாதிரிப்புலியூரில் பெரும் சமணப் பள்ளி இருந்தது. கி.பி. 458இல் சருவநந்தி என்னும் துறவி 'உலோகவிபாகம்' என்ற நூலை எழுதி முடித்த பாடலிகை நகர் அதுவே என்பர் அறிஞர். நாவுக்கரசர் முதலில் தருமசேனர் என்னும் பெயரோடு சமணராய் வாழ்ந்த ஊரும் அதுவே எனப் பெரியபுராணம் கூறும். தென்மேற்கே வாகூரில், நிருபதுங்கப் பல்லவன் காலத்தில் கல்விக்கூடம் ஒன்றுக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. செப்பேடு அதனைச் சொல்கின்றது. காரைக்காலோ தமிழில் பத்தி நெறிக்கு முதற்குரல் கொடுத்தாருள் ஒருவராகிய அம்மையாரின் ஊர். ஆண்டுதோறும் ஆனித் திங்களில் அங்கு மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது.

ஆனால் எல்லாம் இனிமையாகவே இருந்தது என்று சொல்லி உங்களை மகிழ்விக்க நான் வரவில்லை. சமணரைக் கழுவேற்றிய கதையை நம் நூல்களே கூறுகின்றன. அது நடந்ததா, கட்டிய கதையா என்பதில் ஆய்வாளர் வேறுபடுகின்றனர். நடவாதது என்றே வைத்துக்கொள்வோம். நடந்ததாகச் சொல்லிப் பெருமை கொண்டோமே, அதற்கு என்ன விடை? நாகையில் சீவிசய அரசன் பெயரால் எழுந்த புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடுத்தான் சிவனியனாகிய இராசராசன். அந்நாகையில் எஞ்சி நின்ற பழங்கோபுரத்தை 1867இல் இயேசு சபையார் இடித்தனர். கொடுத்த கையும் இடித்த கையும் ஒரே மண்ணில்தான் இருந்தன.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில்

1674இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கு வந்து தங்கியபோது மணக்குள விநாயகர் கோயிலும் வேதபுரீசுவரர் கோயிலும் இருந்தன. இயேசு சபையாருக்குச் சிவன்கோயிலின் விழாக்கள் உறுத்தின. அவற்றை ஒடுக்குமாறு ஆளுநர்களை வற்புறுத்திக்கொண்டே இருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய தடைகள் வந்தபோது, நெசவாளரும் வணிகரும் 'ஊரை விட்டே போகின்றோம்' என்று புறப்பட்டனர். துணி நெய்வாரும் விற்பாரும் போய்விட்டால் வணிகக் குழுமத்துக்கு இங்கு என்ன வேலை? ஆட்சியினர் இறங்கி வந்தனர். படையில்லாத மக்களுக்கு அன்று இருந்த படை அவர்களின் ஒற்றுமை ஒன்றே.

1716இல் குழுமத்தின் தலைமைத் தரகராயிருந்த நைனியப்பப் பிள்ளை சிறையிடப்பட்டார். தலைமைத் தரகர் கிறித்தவராகவே இருக்க வேண்டும் என்று இயேசு சபையார் நெடுநாள் வற்புறுத்தி வந்தனர். அவரைக் கசையால் அடித்தனர், உடைமைகளைப் பறித்தனர், 1717இல் அவர் சிறையிலேயே மாண்டார். அன்பர்களே, ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். அவ்வழக்கில் தமிழில் சொல்லப்பட்ட சான்றுகள் போர்த்துகீசியத்துக்கு மாற்றப்பட்டு, அதிலிருந்து பிரெஞ்சில் எழுதப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவர்க்கோ பிரெஞ்சு படிக்கத் தெரியாது. தாம் அறியாத மொழியில் எழுதப்பட்ட குற்றத்துக்காக ஒரு தமிழர் கசையடி பட்டார்! அவர் இறந்தபின் பிரான்சு நாட்டில் அவ்வழக்கு மீண்டும் ஆராயப்பட்டுத் தீர்ப்பு தள்ளப்பட்டது. அவர் மகன் குருவப்பா பாரிசுக்குச் சென்று கிறித்தவராகிப் பட்டம் பெற்றுத் திரும்பி, தந்தை வகித்த அப்பொறுப்பை ஏற்றார். தந்தையைக் கொன்ற கேட்டுக்கு அதிகாரம் காரணம். மகனை உயர்த்தியதற்கும் அதே அதிகாரமே காரணம். இதில் இறைவனுக்கு என்ன பங்கு?

ஆனந்தரங்கர் எழுதிவைத்தவை

1736 முதல் கால் நூற்றாண்டுக் காலம் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் இவ்வூரை முற்றுகையிட்டிருந்தனர். ஆளுநர் தூப்ளே, போர்க்காலத்தைக் காரணமாகக் காட்டி வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கச் செய்தார். ஆனந்தரங்கர் அப்போது ஆளுநரின் தலைமைத் தரகர், நெருங்கிய துணைவர். அவராலும் தடுக்க இயலவில்லை. அந்நாள்களைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது, அதிகாரத்துக்கு மிக அருகில் நின்றும் ஒன்றும் செய்ய மாட்டாத ஒருவரின் துயரம் நம்மைத் தாக்குகின்றது. அதே நாள்களில் பள்ளிவாசல் ஒன்றை இடிக்கவும் பேச்சு எழுந்தது என்றும், இசுலாமியப் படைத்தலைவர் ஒருவர் உறுதியாய் எதிர்த்து நின்றதால் அது கைவிடப்பட்டது என்றும் அவர் குறிக்கின்றார். ஒற்றுமை இருந்த இடத்தில் கட்டடம் நின்றது. இல்லாத இடத்தில் விழுந்தது.

பதின்மூன்று ஆண்டுகள் கடந்தன. 1761இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்து நகரைத் தரைமட்டம் ஆக்கினர். சிவன்கோயிலுக்கு அண்டையில் நின்ற இயேசு சபையாரின் பெருங்கோயில், நாம் சம்பா கோயில் என்கின்றோமே, அதுவும் இடிபட்டது. இடித்தவர் யார்? கிறித்தவராகிய ஆங்கிலேயரே! ஆகவே அன்பர்களே, 'அந்தச் சமயத்தார் இடித்தனர், இந்தச் சமயத்தார் இடித்தனர்' என்று கணக்கெழுதி நெஞ்சில் நஞ்சு வளர்ப்போர்க்கு இவ்வூர் வரலாறே விடை சொல்கின்றது. படையும் கொடியும் உடையவன் தனக்கு வேண்டியபோது யார் கோயிலையும் இடிப்பான். பின்னர்ச் சம்பா கோயிலும் 1791இல் கட்டி முடிந்தது. சிவன்கோயிலும் வேறிடத்தில், இன்றைய மகாத்துமா காந்தி சாலையில், எழுந்தது.

இன்னும் ஒரு செய்தி. அதுதான் நமக்கு மிகவும் உறைக்க வேண்டிய செய்தி. ஆனந்தரங்கரின் 1745ஆம் ஆண்டுக் குறிப்பு, இவ்வூர்க் கிறித்தவக் கோயிலின் உள்ளேயே ஒரு சுவர் இருந்ததைச் சொல்கின்றது. சுவருக்கு ஒருபுறம் மேற்சாதி எனப்பட்ட கிறித்தவர். மறுபுறம் பறையர் எனப்பட்ட கிறித்தவர். தாழ்த்தப்பட்ட மக்கள் தலைமைக் குருவிடம் சென்று முறையிட்டனர். 'நாங்களும் இயேசுவின் பிள்ளைகள் என்றால் இச்சுவர் எதற்கு?' என்பதே அவர் முறையீட்டின் பொருள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே மேற்சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். கடல் கடந்து வந்த சமயத்தைக்கூட நம்மவர் சாதிக்குள் இழுத்துக் கட்டிவிட்டனர் பார்த்தீர்களா? 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய புத்த சங்கத்தைத் தொடங்கியதன் காரணமும் இதுவே. சமயம் மாறினால் சாதி போகும் என்று நம்பியோர் பலர். சமயத்தை முந்திக்கொண்டு சாதி அங்கே போய் அமர்ந்திருந்தது.

யார் எவரைக் குறை சொல்வது?

இப்போது நம் வினாவுக்கு வருவோம். 'இசுலாமியர் அரபிப் பெயர் வைக்கின்றனர். கிறித்தவர் இலத்தீன் பெயர் வைக்கின்றனர். அவர்கள் எப்படித் தமிழர்?' என்று கேட்கின்றனர். நான் முப்பது ஆண்டுகளுக்கு அண்மையாய்ப் பள்ளியில் வருகைப் பதிவேடு படித்து வருபவன். அந்தப் பட்டியலில் அப்துல் இருக்கின்றான், அந்தோணி இருக்கின்றான், உண்மை. ஆனால் அவர்களோடு இரமேசும் சுரேசும் தினேசும் இலட்சுமியும் இருக்கின்றனரே! அவை எந்த நாட்டுத் தமிழ்? நாற்பது பெயர் படித்தால் நான்கு தமிழ்ப்பெயர் தேறுவது அரிது. வடமொழிப் பெயர் தாங்கியவன் அரபிப் பெயர் தாங்கியவனைப் பார்த்து 'நீ தமிழனா?' என்று கேட்பது, ஒரு கண் இல்லாதவன் மறுகண் இல்லாதவனை எள்ளுவது போலாகும்.

இவ்வூரில் இன்னொரு வகையும் உண்டு. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, தம் பழைய வழக்குரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் குடும்பப் பெயர் ஒன்றும் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்து' ஆனார். அதற்குப் பிரெஞ்சில் கதவு என்று பொருள். சாதி இழிவினின்று தப்ப ஒரு கதவு திறந்தது என்று பலர் அதில் நுழைந்தனர். அவர்களைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. தமிழ் அடையாளத்தோடேயே மானத்தோடு வாழ நாம் இடங்கொடுத்திருந்தால் அவர்கள் ஏன் வேற்றுப் பெயரைத் தேடியிருக்கப் போகின்றனர்?

அடுத்து, வழிபாட்டுச் சொற்களை எண்ணுங்கள். இசுலாமியர் அரபியில் ஓதுகின்றனர். ஆனால் அவர்கள் அச்செயல்களுக்கு இட்ட பெயர்கள் யாவை? தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல், ஓதுதல். எல்லாம் பழுதற்ற தமிழ்! கிறித்தவர் முன்பு 'ஞானசுநானம்' என்றதை இன்று திருமுழுக்கு என்கின்றனர். 'சுவிசேடம்' நற்செய்தி ஆயிற்று. 'பூசை' திருப்பலி ஆயிற்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புக்குத் திருவிவிலியம் என்றே பெயர். 1962 முதல் 1965 வரை உரோமையில் கூடிய சங்கம் இலத்தீனோடு அவரவர் தாய்மொழிக்கும் வழிபாட்டில் இடம் தந்தது. அதன்பின் நம் ஊர்க் கிறித்தவக் கோயில்களில் தமிழ் முழங்குகின்றது.

நம் சிவன்கோயிலிலோ? தேவாரம் பாடிய மண்ணில், குடமுழுக்குத் தமிழில் நடக்க வழக்குமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2020 பிப்பிரவரி 5ஆம் நாள் தஞ்சைப் பெருங்கோயிலில் வடமொழியோடு தமிழிலும் குடமுழுக்கு நிகழ்ந்தது உயர்நெறிமன்ற ஆணைக்குப் பின்னரே. 2021இல்தான் தமிழ்நாட்டு அரசு 'அன்னைத் தமிழில் அருச்சனை' என்று பலகை வைத்தது. அந்த அறிவிப்புப் பலகையிலும் 'அருச்சனை' வடசொல்லாகவே நின்றது! உரோமையில் இருந்தோர் இசைந்ததற்கு நம் ஊரில் இருப்போர் இசையவில்லையே. தமிழுக்கு இடந்தராதவர் யார் என்று இப்போது சொல்லுங்கள்.

தமிழ்த்தாயின் மக்கள்

தமிழ் வளர்த்தோரைச் சமயம் பார்த்துப் பிரித்துப் பாருங்கள், கூடு கலைந்துபோகும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் அரபு நாடே தமிழ் நிலமாய் மாறிக் குளிர்கின்றது. சமணராகிய திருத்தக்கதேவர் இல்லையேல் சிந்தாமணி இல்லை. தமிழ் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்றாகிய 'தம்பிரான் வணக்கம்', 1578இல் கொல்லத்தில் கிறித்தவத் துறவியர் அச்சிட்டது.

வள்ளலார் பாடல்கள் அருளிலிருந்து எழுந்தவையா அல்லவா என்று சிவனியருக்குள்ளேயே பெரும் பூசல் மூண்டது. அவை அருட்பாவே என்று வாதாடி நின்றவருள் ஒருவர் மறைமலையடிகள். இன்னொருவர் யார்? கோட்டாற்று இசுலாமியர், செய்குத்தம்பிப் பாவலர்! சிவனியர் ஒருவரை அவர்தம் இனத்தாரே மறுத்தபோது ஓர் இசுலாமியப் புலவர் அவருக்காக மேடையேறினார். இதனைவிட வேறு சான்று எதற்கு?

நம் இயக்கத்தையே பாருங்கள். 1916இல் தனித்தமிழ்க் கொடி ஏற்றிய மறைமலையடிகள் அழுத்தமான சிவனியர். அக்கொடியை ஆய்வால் உயர்த்திய மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 'தென்மொழி' நடத்திய பெருஞ்சித்திரனார் பகுத்தறிவு நெறியினர். இம்மண்ணில் 1891இல் பிறந்த நம் பாவேந்தர் முருகனைப் பாடித் தொடங்கிப் பின் கடவுள் மறுப்பாளர் ஆனவர். இந்நால்வரையும் ஒரே கோயிலில் நிறுத்த முடியுமா? முடியாது. ஒரே மொழியில் நிறுத்தலாம், நின்றார்கள்.

ஆகவே என் விடை இது. தமிழனுக்கு உரிய சமயம் என்று ஒன்று இல்லை. எச்சமயத்தையும் ஏற்கவும், எச்சமயத்தையும் ஏற்காதிருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. தூய்மையை நாம் சொல்லில் தேடுகின்றோம், பிறப்பில் தேடவில்லை. சொல்லில் தூய்மை தேடும் ஒருவர் மாந்தரில் தீட்டுப் பார்ப்பாரானால், அவர் நம் கொள்கையை உணராதவர்.

செய்ய வேண்டுவன

நான் ஆசிரியன், வீட்டுப்பாடம் தராமல் வகுப்பை முடித்துப் பழக்கமில்லை. ஆதலின் நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, நீங்கள் எச்சமயத்தவராயினும் உங்கள் இல்லத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுங்கள். சமய மரபுக்காக ஒரு பெயர் வேண்டுமாயின் அதனோடு தமிழ்ப்பெயரையும் சேருங்கள். அறிவழகன் பள்ளிவாசலுக்குப் போகலாம், அருண்மொழி திருப்பலிக்குப் போகலாம், யாரும் தடுக்கவில்லை.

இரண்டாவது, அவரவர் வழிபாட்டிடத்தில் தமிழுக்கு இடம் கேளுங்கள். பிறர் கோயிலில் என்ன மொழி என்று ஆராய்வதற்கு முன், உங்கள் கோயிலில் என்ன மொழி என்று பாருங்கள்.

மூன்றாவது, உங்கள் ஊர் வயலிலோ குளக்கரையிலோ மரத்தடியிலோ பெயர் தெரியாத பழஞ்சிலை கிடந்தால், அது புத்தராகவோ சமண அருகராகவோ இருக்கலாம். உடைக்கவோ விற்கவோ விடாதீர்கள். அறிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். அது நம் பாட்டன் கும்பிட்ட கடவுள்.

நான்காவது, ஒரு சமயத்தாரைப் பற்றி யாரேனும் ஒரு பழியைச் சொன்னால், உடனே அடுத்தவர் காதில் ஓதாதீர்கள். எங்கே, எப்போது, யார் எழுதியது என்று கேளுங்கள். கோயில் இடிந்த துயரத்தை எழுதிய ஆனந்தரங்கரே, அதே ஊரில் தாழ்த்தப்பட்டோர் கேட்டு இடிக்கப்பட்ட சுவரையும் எழுதிவைத்தார். தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டுவோர் இரண்டில் ஒன்றை மறைப்பர். நாம் இரண்டையும் படிப்போம்.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் தொட்டு இழுத்துத் தொடங்கி வைப்பது அக்கால வழக்கம். அவ்வழக்கம் ஆட்சி மாறியபின்னும் தொடர்ந்தது. அதே வில்லியனூரில் 1877 முதல் உலூர்து அன்னையின் திருத்தலமும் நிற்கின்றது. இரு விழாவுக்கும் கடை விரிப்போரும், பூக்கட்டுவோரும், பந்தல் போடுவோரும், விலை கேட்போரும் பேசுவது ஒரே தமிழ். அந்தத் தமிழைக் காப்பதும், அதைப் பேசும் எவரையும் அயலாராக்காதிருப்பதும் நம் கடன்.



வாழ்க தமிழ்! ஓங்குக தமிழர் ஒற்றுமை!